எதிர் புளோக் அண்ணனைக் கேட்காமல் வரைந்த கதை

2020இல் கொரோனாவுக்காக முதல் எம்.சி.ஓ. ஊரடங்கு போட்ட சமயம் அது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஏழாவது மாடியில் நானும் என் கணவரும் இருந்தோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம். அவருக்கு ஃபேக்டரியில் வேலை. எனக்கு ஜார்ஜ் டவுன் தெருவில் வேலை. சுவர் ஓவியங்களைப் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளை ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, பத்து நிமிஷத்தில் அவர்கள் முகத்தைப் பென்சிலால் வரைந்து கொடுப்பேன். பதினோரு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

ஒரே நாளில் தெரு காலியாகிவிட்டது. சுற்றுப்பயணிகள் எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு ஓடினார்கள். நான் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கணவருக்கு, வேலைக்கு வரலாம் என்று ஃபேக்டரியில் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். காலையில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் காட்டிவிட்டுப் போகலாம். போகும்போது, "உனக்கென்ன, நீ ஆர்ட்டிஸ்ட். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் லா" என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் வரைவது மனிதர்களை. வீட்டில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள்?

ரைஸ் குக்கரை வரைந்தேன். வாசலில் கிடந்த செருப்பை வரைந்தேன். வேலை முடிந்து வந்த கணவரைப் பதினைந்து தடவை வரைந்தேன். பதினாறாவது தடவை பென்சிலை எடுத்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னொரு வாட்டி என் மூக்கை இப்படிப் பார்த்தேன்னா, நான் ஃபேக்டரியிலேயே படுத்துக்குவேன்."

போட்டோ அனுப்பினால் வரைந்து தருகிறேன் என்று ஃபேஸ்புக்கில் போட்டுப் பார்த்தேன். ஒருவர் இருவர் கேட்டார்கள். ஆனால் போட்டோ பார்த்து வரைந்தால் எனக்கு முகத்தில் உயிர் வராது. எனக்கு எதிரே ஆள் இருக்க வேண்டும். மூச்சு விட வேண்டும், கொட்டாவி விட வேண்டும், மூக்கைச் சொறிய வேண்டும். அப்போதுதான் என் கை ஓடும்.

எங்கள் புளோக்குக்கு நேர் எதிரே இன்னொரு புளோக், இதே மாதிரி அடுக்குமாடிக் கட்டடம். நடுவில் கார் நிறுத்தும் இடம் மட்டும்தான். எங்கள் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன பால்கனி இருக்கிறது. அங்கே நின்றால் எதிர் புளோக்கின் பால்கனி எல்லாமே தெரியும். இத்தனை வருஷமாக அங்கே நின்று துணி காயப்போட்டிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு சாயங்காலம்தான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

எனக்கு நேர் எதிரே, அதே ஏழாவது மாடியில், ஓர் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். வெள்ளை பனியன், கட்டம் போட்ட கைலி. காய்ந்த துணிகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, கண்ணை மூடி, முதல் புகையை அப்படியே வானத்துக்கு விட்டார்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது! ஊரே பயந்துகொண்டு கிடந்த நேரம். டிவியைத் திறந்தால் தொற்று எண்ணிக்கை, போனைத் திறந்தால் எண்ணிக்கை. அந்த முகத்தில் மட்டும் ஒரு கவலையும் இல்லை. மழை நின்றதும் வெளியே வந்து சிறகை உலர்த்தும் புறா மாதிரி நின்றார். நான் துணியை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் பேப்பரும் பென்சிலும் எடுத்து வந்தேன்.

மறுநாளும் அதே ஆறு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். உள்ளே எட்டிப் பார்ப்பது, பற்ற வைப்பது, கண்ணை மூடுவது எல்லாம் அதே வரிசை. ஒரு வாரம் வரைந்தேன். ஏழாவது நாள் வரைந்ததுதான் அசல். தோளில் தொங்கிய துண்டு, பனியனைத் தள்ளிக்கொண்டு நின்ற வயிறு, விரலிடுக்கில் சிகரெட், மேலே சுருள் சுருளாகப் புகை எல்லாம் அதில் இருந்தன. பல வாரங்களுக்குப் பிறகு நான் ஓவியர்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் யோசிக்கவே இல்லை. 'ஆறு மணி சுகம்' என்று பெயர் வைத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்.

அடேயப்பா, என்ன வரவேற்பு! எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம் இல்லையா? சிரிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. என் படத்துக்கு அவ்வளவு பேர் லைக் போட்டது அதுதான் முதல் தடவை. கணவர் ஃபேக்டரியிலிருந்து போன் செய்து, "இங்கே என் சூப்பர்வைசர்கூட பார்த்துட்டாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் குரூப்பில் யாரோ எழுதினார்கள்: 'இது பி புளோக் ஏழாம் மாடி அங்கிள்தானே?' கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வரவில்லை. ஒரு பெண்மணி வந்தார். துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, எங்கள் புளோக்கை ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது மாடிக்கு வருவதற்குள் நான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. துணியெல்லாம் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே காய்ந்தது. நான்காவது நாள் போன் வந்தது. குரூப்பிலிருந்து என் நம்பரை எடுத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, நீங்கதான் அந்தப் படம் போட்டதா?"

"ஆமாக்கா" என்றேன்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க. அச்சு அசலா அவரேதான். அதான் பிரச்சினையே."

அந்த அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, நின்றுகொண்டிருந்த நான் மெல்ல உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இனிமேல் சிகரெட் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன் என்று அண்ணனும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.

"பத்து மாசமா டாக்டர்கிட்ட நான் பெருமையா சொல்லிட்டு வரேன் தங்கச்சி. எங்க கோயில்ல இப்போ ஆறு மணிக்கு ஆன்லைன்ல ஜெபமாலை. நான் முன் ரூம்ல போனை வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரு சிகரெட்டை விட்டதுக்கு தினமும் நன்றி சொல்லிட்டிருக்கேன். அதே நேரத்துல மனுஷன் பின்னாடி நின்னு ஊதியிருக்காரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அக்காவே சிரித்துவிட்டார். பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

"ரூமை விட்டே வரமாட்டேங்குறாரு. சாப்பாடு வெச்சா சாப்பிடறாரு, திரும்பிப் படுத்துக்கறாரு. ஆபீஸ் ஆளுங்க, என் தம்பி வீட்டு ஆளுங்க, எல்லாரும் பார்த்துட்டாங்க இல்ல? உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எனக்கு உண்மை தெரிஞ்சது நல்லதுதான். ஆனா அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தங்கச்சி."

போனை வைத்த பிறகும் அந்த ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. தெருவில் ஆயிரம் பேரை வரைந்திருக்கிறேன். எல்லாரும் தாங்களாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். இவரை யார் உட்காரச் சொன்னது? தன் வீட்டுப் பின்பக்கத்தில், யாருக்கும் தெரியாது என்று நினைத்து நின்ற மனுஷனை எடுத்து ஊருக்கே காட்டிவிட்டேன். கேட்கவில்லை என்பதுகூட எனக்கு அதுவரை தோன்றவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

படத்தை உடனே எல்லா இடத்திலிருந்தும் எடுத்தேன். எடுத்து என்ன பயன்? பார்த்தவர்கள் பார்த்ததுதான். நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போக முடியாத காலம். போனில் பேசலாம் என்றால் அண்ணன் போனை வாங்க மறுத்துவிட்டார்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கடையிலிருந்து மளிகைச் சாமான் போட்டு வந்த மீ நூடுல்ஸ் அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரித்து, உள்பக்கத்தை என்னிடம் காட்டினார். "பெருசா எழுதிக் காட்டு. எதிரேதானே இருக்காரு."

கறுப்பு மையால், ஓர் எழுத்து ஒரு தட்டு அளவுக்கு எழுதினேன்: 'அண்ணே, மன்னிச்சிடுங்க.'

மறுநாள் ஆறு மணிக்குப் பால்கனியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்து பார்த்தார். உள்ளே போனார், திரும்பி வந்தார், உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். வரமாட்டாராம். அதற்குள் மேல் மாடி, கீழ் மாடியிலெல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. பார்க்கட்டும் என்று நின்றேன். அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

இரண்டாம் நாள் அண்ணனே வந்தார். துணி எடுக்க வந்தவர், நிமிர்ந்தார், அட்டையைப் படித்தார், ஒரு சட்டையை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் பலத்த மழை. அட்டை நனைந்து எழுத்தெல்லாம் வழிந்தது. நான்காம் நாள் புது அட்டையில் அதையே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னாலேயே அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். முகம் கல் மாதிரி இருந்தது. கையில் அவரும் ஓர் அட்டை வைத்திருந்தார். மெல்லத் தூக்கிக் காட்டினார்.

'நான் அவ்வளவு குண்டா?'

நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு அட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. எழுந்து பார்த்தால், எதிரே அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

என் அட்டையைத் திருப்பி, 'கொஞ்சம்' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார்: 'திரும்ப வரை. வயிறு வேணாம்.'

மறுநாள் ஆறு மணிக்கு அண்ணன் பேன்ட், சட்டை, தலை சீவி, பவுடர் போட்டு வந்து நின்றார். இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரியும் என்றாலும் பெல்ட்கூடப் போட்டிருந்தாராம், அக்கா பிற்பாடு சொன்னார். நின்றார் சரி. கைதான் நிற்கவில்லை. சட்டைப் பையைத் தடவியது, கம்பியைத் தட்டியது, காதைச் சொறிந்தது. அத்தனை நாளாக அந்த இடத்தில், அந்த நேரத்தில் அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்ததே! அட்டையில் எழுதினேன்: 'எதையாவது பிடிங்க.' அண்ணன் உள்ளே ஓடி ஒரு குவளையோடு வந்தார்.

அன்றைக்குக் குவளை. அடுத்த நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளி. அப்புறம் செய்தித்தாள், அதற்கப்புறம் முழுசாக ஒரு பலாப்பழம். ஒரு நாள் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், பொத்தான் பூட்டவில்லை. ஜெபமாலை முடிந்ததும் அக்காவும் வந்து பக்கத்தில் நிற்பார். ஆறு மணியானால் எனக்கும் ஓர் ஆள் இருந்தார், அவருக்கும் ஒரு வேலை இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது.

உடனே சிகரெட்டை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். ஒரு நாள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றார். அட்டையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தேன்: 'காலையில ஒன்னு இழுத்துட்டேன். வீட்டுல சொல்லிட்டேன்.' கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டினார். அன்றைக்கு வரைந்த படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. அதைப் பிற்பாடு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இதற்குள் மற்ற பால்கனிகளும் விழித்துக்கொண்டன. ஒன்பதாம் மாடி மாக்சிக், ஒரு மலாய்க்கார அம்மா, தன் பூனையைத் தூக்கிப் பிடித்து, இதை வரைய முடியுமா என்று மலாயில் எழுதிக் காட்டினார். ஐந்தாம் மாடியில் ஒரு சீனத் தம்பதி, ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உடற்பயிற்சி செய்கிற மாதிரி நின்றார்கள். நான் ஒரு நிரந்தர அட்டையே செய்துவிட்டேன். 'வரையலாமா?' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் தூக்குவேன். ஆறாம் மாடியில் ஒருவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர் நிம்மதியாகத் தன் தேநீரைக் குடித்தார்.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய தங்கள் படத்தை அக்கா கோலாலம்பூரில் மாட்டிக்கொண்ட மகளுக்கு அனுப்பினார். அந்தப் பெண் தன் சிநேகிதிகளிடம் காட்டினாள். வீட்டுக்கு வர முடியாத பிள்ளைகள் ஒவ்வொருவராக, எங்கள் அப்பா அம்மாவையும் வரைந்து கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீடியோ காலில் உட்கார வைத்து, பேசிக்கொண்டே வரைந்தேன். மூச்சும் கொட்டாவியும் திரையிலும் வந்தன. வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஓவியராக உண்மையிலேயே ஆகிவிட்டேன்.

கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு, ஒரு காலை நேரத்தில் கீழே மளிகைக் கடை வரிசையில் நின்றிருந்தேன். இடைவெளிக்காகத் தரையில் ஒட்டியிருந்த அடையாளத்தில், எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். முகத்தில் மாஸ்க். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? "அண்ணே!" என்றேன். திரும்பினார். நான் நினைத்ததைவிட ரொம்பக் குள்ளம். அவரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு உயரமா?" என்றார்.

முதல் தடவையாகக் குரலால் மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி மறுத்தார்.

"நீ வரையறது எனக்குத் தெரியும் லா. எங்க புளோக்குக்குப் பின்னால இருக்கிற மலையை நீ வரையறேன்னு நெனச்சேன். சரி, நானும் மலை மாதிரிதானே இருக்கேன்."

சிரித்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் உன்னைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்மா. எம்.சி.ஓ. போட்ட முதல் வாரத்திலிருந்தே. வீட்டுக்காரரு மோட்டார் எடுத்துக்கிட்டுப் போனதும் பின்னால வருவே. துணி எடுக்கிற மாதிரி துண்டை மூஞ்சில வெச்சிக்கிட்டு அழுவே. தினமும்."

எனக்குத் திக்கென்றது. உண்மைதான். கணவருக்கே தெரியாது. அந்த மூலையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அங்கே போய் நின்றேன்.

"யார்கிட்டேயும் சொல்லல. என் வீட்டுலகூட சொல்லல. அது உன்னோடது இல்லையா?" என்றார். பிறகு, "நீ பென்சிலை எடுத்தப்புறம் அழுறதை நிறுத்திட்டே. அதனாலதான் உன் மேல கோபத்தை ரொம்ப நாள் வெச்சிக்க முடியல" என்றார்.

கடைக்காரர் உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார். அண்ணன் பையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் மறுபடியும் ஜார்ஜ் டவுன் தெருவில்தான். சுற்றுப்பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள். எதிர்க் காப்பிக்கடையில் ஏதாவது ஒரு நல்ல முகம் தெரிந்தால் என் கை இன்றைக்கும் பரபரக்கும். எழுந்துபோய்க் கேட்பேன். சிலர் சரி என்பார்கள், சிலர் மாட்டேன் என்பார்கள். பார்த்ததையெல்லாம் வரைந்துவிடலாம் என்று இருந்த எனக்கு, பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு மனிதர் நேர் எதிரிலேயே இருந்தார் என்பதை நினைத்தால், பென்சில் பேப்பரைத் தொடும் முன் ஒரு நொடி தானாகவே நின்றுவிடுகிறது.